ஆறு மணிக் கடை

அன்புள்ள சண்முகத்துக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிற தகப்பனைப் பார்த்து உனக்குச் சிரிப்பு வரலாம். வரட்டும். வேறு வழி இருந்தால் நீயே சொல். நான் இரவு எட்டரைக்கெல்லாம் கட்டையைச் சாய்க்கிறவன். நீ கரோல் பாக்கில் டிவி ரிப்பேர் கடையைப் பூட்டிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்து சேரும்போது எனக்குப் பாதித் தூக்கம் முடிந்திருக்கும். நான் நாலரைக்கு எழுந்து, பால் வாங்கி, குளித்து, பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்து முடித்தாலும் உன் அறைக் கதவு சாத்தியே கிடக்கும். ஒன்பதரைக்கு நீ எழுந்து அரக்கப் பரக்க ஓடுகிற நேரத்தில் நான் ரேஷன் கடை வரிசையிலோ லைப்ரரியிலோ இருப்பேன். இன்றோடு பதினோரு நாளாக உன் முகத்தை நான் பார்க்கவில்லை. குளியலறைக் கொடியில் ஈரமாகத் தொங்குகிற உன் துண்டைப் பார்த்துத்தான் பையன் ஊரில்தான் இருக்கிறான் என்று தெரிந்துகொள்கிறேன்.

வாழ்நாள் முழுக்க ஊரார் கடிதங்களை இங்கிலீஷில் தட்டச்சு செய்து கொடுத்து வயிறு வளர்த்தவன் நான். இது என் சொந்தக் கடிதம், அதனால் தமிழில், கையால் எழுதுகிறேன். புசா ரோடு பள்ளிக்கூடத்தில் தமிழிலேயே படித்தும் இப்போதெல்லாம் தமிழ் எழுத்தைக் கண்டால் நெற்றியைச் சுருக்குகிறாய். பரவாயில்லை, எழுத்துக் கூட்டியே படி. மெதுவாகப் படித்தால் எனக்கு நல்லதுதான். உன் கருவிப் பையில் ஸால்டரிங் கம்பிக்குப் பக்கத்தில் இதை வைக்கப் போகிறேன், வேறு எங்கு வைத்தாலும் நீ பார்க்க மாட்டாய் என்பதால்.

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் பெண்டாட்டி வடிவு ஊருக்குப் போக முடிவு செய்துவிட்டாள். திருவிழாவுக்கோ யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ இல்லை. போனால் எப்போது திரும்புவாள் என்று அவளுக்கே தெரியாது. உன்னோடு அவளுக்குச் சண்டை எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். சண்டை போடுவதற்கும் இரண்டு பேர் விழித்திருக்க வேண்டுமே. அவள் போகக் கூடாது என்று நான் ஆசைப்படுகிறேன். அதற்கு நீ உன் கடையின் நேரத்தை மாற்ற வேண்டும். காலையில் சீக்கிரம் திறந்து, பொழுதோடு பூட்டிவிட்டு வர வேண்டும். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். யோக்கியதை கொஞ்சம் இருக்கிறது, இல்லாததும் நிறைய இருக்கிறது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

கோல் மார்க்கெட்டில் நம் தட்டச்சுக் கடை உனக்கு நினைவிருக்கும். நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் வாசலில் நிற்க வேண்டிய கடை. இரண்டு ரெமிங்டன் மிஷின், ஒரு மேசை, எழுதிக் கொடுத்த காகிதங்கள் வர ஒரு தட்டு, தட்டச்சு முடிந்தவை காத்திருக்க ஒரு தட்டு, அவ்வளவுதான் சொத்து. சுற்றிலும் சர்க்கார் குவார்ட்டர்ஸ். லீவு கேட்கிறவன், வீடு அலாட்மெண்ட் கேட்கிறவன், சீனியாரிட்டி போய்விட்டது என்று புலம்புகிறவன், மாற்றல் வேண்டாம் என்று அழுகிறவன் எல்லாரும் நம்மிடம்தான் வந்தார்கள். அவர்கள் ஆபீஸ் விட்டு ஐந்தரைக்கு மேல்தான் வருவார்கள். அதனால் கடைக்கு உயிர் வருவதே சாயங்காலம்தான். காலை பத்தரைக்குத் திறப்பேன், மத்தியானம் ஈ ஓட்டுவேன், விளக்கு வைத்த பிறகு வேலை குவியும். நான் வீடு திரும்பும்போது நீ தூங்கியிருப்பாய். நான் எழுந்திருக்கும்போது நீ பள்ளிக்கூட பஸ் ஏறிப் போயிருப்பாய். ஞாயிற்றுக்கிழமை பாதி நாள் கடை, மீதிப் பாதி நாள் தூக்கம். உன் அம்மா ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தாள், பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். அவள் நிறுத்தியதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பெண்கள் ஒரு விஷயத்தைச் சொல்வதை நிறுத்திவிட்டால் அது சம்மதம் இல்லை என்பதை எந்த ஆம்பளையும் சீக்கிரம் தெரிந்துகொள்வதில்லை. நான் தெரிந்துகொண்டபோது எனக்கு நாற்பதைத் தொடப் போகிற வயது.

என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது உனக்குப் புரியாது. கை பழகிய தட்டச்சுக்காரன் எதையும் படிப்பதில்லை. கண் எழுத்தைப் பார்க்கும், விரல் அடிக்கும், நடுவில் புத்தி என்ற ஒன்று குறுக்கே வரவே வராது. வந்தால் வேகம் குறையும். ஒருத்தனுடைய விதவைத் தாயாருக்கு வைத்தியச் செலவு கேட்கும் மனுவை அடித்துக்கொண்டே நான் பக்கத்துக் கடைக்காரனோடு கத்திரிக்காய் விலை பேசியிருக்கிறேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு. இன்னொரு பழக்கமும் இருந்தது. கடைக்கு வருகிற குமாஸ்தாக்கள், மேலதிகாரியிடம் வாயால் கேட்டுப் பார்க்கிறேன் என்று தயங்கினால், "வாயால கேட்டா காத்தோட போயிரும். மனுவா எழுதிக் குடுங்க, பதில் வந்தே தீரும்" என்பேன். நல்ல வியாபாரப் பேச்சு. வீட்டிலும் அதையே வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் போல.

நீ நாலாம் வகுப்பில் இருந்த வருஷம் உங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். நீ ஒரு அட்டையில் ஆணியும் கம்பியும் பொருத்தி, இந்தப் பக்கம் கேள்வி, அந்தப் பக்கம் பதில், சரியான பதிலைத் தொட்டால் பல்பு எரிகிற மாதிரி செய்திருந்தாய். அதை நீ செய்துகொண்டிருந்ததே எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லலாம் என்றால் நான் எப்போது கிடைத்தேன்? அதனால் நீ ஒரு மனு எழுதினாய். நான் வீட்டுக்குக் கொண்டு வரும் பையில் இருந்த ஊரார் மனுக்களைப் பார்த்துப் பார்த்து, அதே மாதிரி இங்கிலீஷில், அரைத் தாளில், பென்சிலால் எழுதினாய். நான் தூங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் அதை மற்ற காகிதங்களுக்கு நடுவே செருகிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாய்.

அது எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். அப்பா அவர்களுக்கு, ஐயா, பொருள்: கண்காட்சிக்கு வருவது. வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் பள்ளியில் கண்காட்சி நடக்கிறது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். நான் பல்பு எரியும் அட்டை செய்திருக்கிறேன். தாங்கள் ஒரு நாள் கடைக்கு லீவு எடுத்துக்கொண்டு வருமாறு வேண்டுகிறேன். தங்கள் கீழ்ப்படிதலுள்ள, சண்முகம், நாலாம் வகுப்பு பி பிரிவு.

அதை நான் தட்டச்சு செய்தேன், சண்முகம். கார்பன் வைத்து மூன்று பிரதி. ஓரம் விட்டு, பொருளுக்கு அடியில் கோடு போட்டு, குண்டூசி குத்தி, முடிந்த காகிதங்களுக்கான தட்டில் வைத்தேன். கண்காட்சி என்ற வார்த்தைக்கு நீ இங்கிலீஷில் ஒரு எழுத்தை விட்டிருந்தாய், அதைக்கூடத் திருத்தியிருந்தேன். எழுத்துப் பிழை கண்ணில் பட்டது. என் மகன் என்னை ஒரு இடத்துக்கு வரச் சொல்கிறான் என்பது மட்டும் படவில்லை. சனிக்கிழமை வந்தது, போனது. நான் அன்றும் வழக்கம்போலப் பத்தரைக்குக் கடை திறந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, யாரும் வாங்க வராத காகிதங்களைப் பிரித்து வைக்கும்போதுதான் அது கையில் கிடைத்தது. யார் இந்த ஆள், மூன்று பிரதி அடிக்கச் சொல்லிவிட்டு வரவே இல்லையே என்று எரிச்சலோடு பெயரைப் பார்த்தேன். சண்முகம், நாலாம் வகுப்பு பி பிரிவு. அடியில் உன் பென்சில் எழுத்தும் பத்திரமாகக் குத்தி வைக்கப்பட்டிருந்தது. கடையைப் பூட்டினேன். பட்டப்பகலில் கடையைப் பூட்டியது அதுதான் முதல் தடவை. நேராக வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் காகிதத்தை நீட்டினேன். ஒரு வார்த்தை எனக்கு நினைவுபடுத்தியிருக்கக் கூடாதா என்று அவள்மேலேயே பாய்ந்தேன். கையாலாகாதவனுக்குக் கோபம் வீட்டில்தானே பாயும். அவள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் சொல்லுதேன்னுதான் சொன்னேன். அவன் விடல. 'வேண்டாம்மா, மனு குடுத்திருக்கேன், அப்பா பதில் போடுவாவ'ன்னுட்டான். சனிக்கிழமை வரைக்கும் தெனமும் ஒங்க பையத் தொறந்து பதில் இருக்கான்னு பாத்துட்டுத்தான் பள்ளிக்கூடம் போனான்."

நீ இரண்டரை மணிக்கு வந்தாய். புத்தகப் பையோடு வாசலில் நின்று என்னைப் பார்த்தாய். பகல் வெளிச்சத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற அப்பாவை நீ அதற்குமுன் பார்த்ததில்லை. "ஒடம்பு சரியில்லையாப்பா?" என்று கேட்டாய். அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை. அட்டையைக் காட்டச் சொன்னேன். நீ எடுத்து வந்து காட்டினாய். பல்பு எரியவில்லை. கண்காட்சியில் எல்லாருக்கும் காட்டிக் காட்டி பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நீதான் எனக்குச் சமாதானம் சொன்னாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான்கு வசவு வைதிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

அன்றைக்கே நேரத்தை மாற்றிவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் பொய். மூன்று மாதம் பயந்துகொண்டே இருந்தேன். சாயங்காலக் கடையை விட்டால் சோற்றுக்கு என்ன வழி? டெல்லியில் எந்தக் கடை பத்து மணிக்குமுன் திறக்கிறது? கடைசியில் உன் அம்மாதான் வழி சொன்னாள். நாம் அப்போது குடியிருந்த கோல் மார்க்கெட்டிலேயே, விடியற்காலை பால் பூத்தில் அவள் நிற்கிற வரிசையில் பாதிப்பேர் என் கடைக்கு வருகிற ஆசாமிகள்தானாம். எல்லாரும் அங்கே நின்றுகொண்டு ஆபீஸ் கஷ்டத்தைத்தான் பேசுகிறார்களாம். "அந்த நேரத்துல கடையத் தொறந்து வச்சா, பால் வாங்க வந்தவன் மனுவையும் குடுத்துட்டுப் போவான். ஆபீஸ் போறப்ப வாங்கிட்டுப் போயி அன்னைக்கே நீட்டிருவான்லா," என்றாள். இருபது வருஷம் தொழில் செய்த எனக்குத் தோன்றவில்லை. தினமும் வரிசையில் நின்றவளுக்குத் தோன்றியது.

தை மாதக் குளிரில் ஆரம்பித்தேன், என் புத்தியைப் பார். காலை ஆறு மணிக்கு மார்க்கெட்டில் பனிமூட்டத்தையும் என்னையும் தவிர யாரும் இல்லை. விரல் விறைத்துப்போய் ஒரு எழுத்துக்கு இரண்டு எழுத்து அடிக்கும். மேசைக்கு அடியில் அங்கீட்டி என்கிற கரி அடுப்பை வைத்துக்கொண்டேன். அதில் ஒருநாள் வேட்டி நுனி கருகியது. மாடியில் குடியிருந்த பஞ்சாபி அம்மாள் மூன்றாம் நாளே படியிறங்கி வந்து, மதராஸி பாபுவுக்குப் பைத்தியமா, விடியுமுன்னே டக்டக் என்று அடித்து ஊரை எழுப்புகிறாரே என்று ஹிந்தியில் வாரினாள். இரண்டு மிஷினுக்கு அடியிலும் பழைய கம்பளியை நாலாக மடித்துப் போட்டேன், சத்தம் அடங்கியது. முதல் பத்து நாள் ஒரு ஆள் வரவில்லை. தெருக் கூட்டுகிறவர் மட்டும் வந்து அங்கீட்டியில் குளிர் காய்ந்துவிட்டுப் போவார். இன்னும் இரண்டு நாள் திறந்து பார்த்துவிட்டு, சரிப்படாது என்று பழையபடி பத்தரைக்குப் போய்விடலாம் என்றே நினைத்தேன். பதினோராம் நாள், ஒரு கையில் பால் பாத்திரமும் மறு கையில் கசங்கிய தாளுமாக ஒரு குமாஸ்தா வந்தார். குவார்ட்டர்ஸ் அலாட்மெண்டுக்கு அன்று பத்து மணிக்குள் மனு கொடுக்க வேண்டுமாம். அரை மணியில் அடித்துக் கொடுத்தேன். அவர் போய் ஆபீஸில் சொல்ல, அங்கிருந்து நாலு பேர், பிறகு பத்துப் பேர் என்று சேர்ந்தார்கள். கடைக் கதவில் ஒரு துளை வெட்டி, சாயங்காலம் வருகிறவர்கள் காகிதத்தை உள்ளே போட்டுவிட்டுப் போகலாம், காலை ஒன்பதுக்குத் தயார் என்று போர்டு மாட்டினேன். மத்தியானம் இரண்டு மணிக்குக் கடையைப் பூட்டுவேன். நீ பஸ்ஸில் வந்து இறங்குகிற நேரத்துக்கு நான் ஸ்டாப்பில் நிற்பேன்.

எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று நினைக்காதே. தீசிஸ் கொண்டுவருகிற யூனிவர்சிட்டிப் பிள்ளைகள் போனார்கள், அவர்களுக்கு ஆறு மணி என்று ஒன்று காலையில் உண்டு என்பதே தெரியாது. பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்தார்கள். நான் இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். எதையும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் தட்டச்சு செய்வது என்று சபதம் எடுத்துக்கொண்டேன். வேகம் பாதியாகக் குறைந்தது. ஆனால் படித்ததால் மனுவில் இருக்கிற கோளாறுகள் தெரிந்தன. சார், இந்தத் தேதி இடிக்கிறது, இந்த வரியை எழுதினால் உங்கள் தலையில் நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வீர்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். அதற்காகவே என்னைத் தேடி வந்தார்கள். முட்டாள்தனமாக ஆரம்பிக்கிற எல்லாம் முட்டாள்தனமாகவே முடிவதில்லை.

இதுவரைக்கும் என் யோக்கியதை. இனிமேல் இல்லாததைச் சொல்கிறேன்.

சீக்கிரம் எழுந்திருக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. தூங்குகிறவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. அந்த வியாதி எனக்கு முற்றிப்போனது. நாலரைக்கு எழுந்து சமையலறையில் பாத்திரத்தை வேண்டுமென்றே உருட்டுவேன். உன் அம்மா, "நீங்க எந்திரிச்சா போதாதா, காலனி பூரா எந்திரிக்கணுமா?" என்பாள். நீ பாலிடெக்னிக் படித்த நாட்களில் டிசம்பர் குளிரில் உன் ரஜாய்ப் போர்வையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். ஒருமுறை தண்ணீர்கூடத் தெளித்தேன். உன் அத்தை மகள் கல்யாணத்தில், பந்தியில், ஊரே கேட்க உன்னைக் கும்பகர்ணன் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நீ இலையை மூடிவிட்டு எழுந்து போனாய். முந்தின ராத்திரி கல்யாண வீட்டு மைக் செட் பழுதாகி, அதை நீதான் விடிய விடிய உட்கார்ந்து சரி செய்தாய் என்று மாப்பிள்ளை வீட்டார் வந்து நன்றி சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். தெரிந்தும் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா என்கிற அகங்காரம் அது. இப்போது சொல்கிறேன், தப்பு என்னுடையது. அன்றைக்குப் பிறகுதான் நீ ராத்திரியில் வேலை, பகலில் தூக்கம் என்று மாறினாய் என்பது என் கணக்கு. என் கண்ணில் படாமல் இருப்பதற்கு உனக்கு அதுதான் தோதான நேரமாக இருந்திருக்கும். உன்னை ராத்திரிப் பக்கம் துரத்தியவன் நான்தான். இப்போது திரும்பி வா என்று கூப்பிடுகிறவனும் நானேதான். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை.

உன் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. டிவி கெட்டுப்போனால் வீட்டுக்கார மனுஷன் ஆபீஸ் விட்டு வந்த பிறகுதான் உன்னைக் கூப்பிடுகிறான். அவன் வீட்டில் நீ பின்பக்கத்தைக் கழற்றி உட்கார்ந்தால் மணி ஒன்பது பத்து ஆகிறது. கிரிக்கெட் மேட்ச் இருந்துவிட்டால் உன் கழுத்தில் கத்திதான். அது மட்டுமா, "காலையில ஒளிபரப்பு கெடையாது, படமே வராதுப்பா, எத வச்சு டெஸ்ட் பண்ணுவேன்?" என்று போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கேட்டாய். அதற்குப் பதில் என்னிடம் இப்போது இருக்கிறது. காலையிலும் செய்தி, நிகழ்ச்சி எல்லாம் போட ஆரம்பித்துவிட்டார்களே. ஏழு மணிக்குப் படம் வருகிறது. ஏழிலிருந்து ஒன்பதரைக்குள், அவர்கள் ஆபீஸ் கிளம்புமுன், மூன்று வீட்டுக்குப் போய்வரலாம். பெரிய கோளாறு என்றால் செட்டை எடுத்து வந்து பகலில் கடையில் வைத்துப் பார்க்கலாம். சாயங்காலம் ஏழுக்குப் பூட்டலாம். சில பேர் போவார்கள். போனவர்களை நினைத்து முதல் இரண்டு மாதம் கல்லாவை எண்ணி எண்ணிப் பார்ப்பாய். அதற்கு மருந்து கிடையாது, எண்ணிக்கொள். என்னைப் போல நாலரைக்கு எழுந்திருக்கச் சொல்லவில்லை. ஆறு போதும். பாத்திரத்தை உருட்ட மாட்டேன் என்று உன் அம்மா படத்துக்கு முன்னால் சத்தியம் செய்கிறேன்.

வடிவைப் பற்றி எழுத வேண்டியதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறேன், எழுதக் கஷ்டமாக இருக்கிறது. பாளையங்கோட்டையில் கூட்டுக் குடும்பத்தில் பத்துப் பேருக்கு நடுவே வளர்ந்த பெண். இங்கே சரோஜினி நகரில் பேச நான் ஒருத்தன்தான். நானும் எட்டரைக்குப் படுத்துவிடுகிறேன். காய்கறிக்காரனிடம் விரலைக் காட்டித்தான் வாங்குகிறாள். போன மாதம் என்னிடம் வந்து, "மாமா, எப்ப வருவாவன்னு ஹிந்தியில எப்படிக் கேக்கணும்?" என்றாள். "கப் ஆயேங்கே" என்று சொல்லிக் கொடுத்தேன். சமையல் செய்துகொண்டே அதை நூறு தரம் சொல்லிப் பார்த்தாள். மூன்று வருஷம் டெல்லியில் இருந்தால் தானாக வந்துவிடும் பாஷை, இவள் முதலில் கற்றுக்கொண்டது இந்த ஒரு வாக்கியம்தான். கீழ்வீட்டுக்குப் போய் உன் கடைக்குப் பக்கத்துத் துணிக்கடை நம்பருக்குப் போன் போட்டிருக்கிறாள். உன்னைக் கேட்டிருக்கிறாள். திரும்பி வந்து, "'பதா நஹீ'ன்னா என்ன மாமா?" என்று கேட்டாள். தெரியாது என்று அர்த்தம் என்றேன். "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். அதற்குப் பிறகும் நாலைந்து தடவை போன் போட்டாள். இப்போது இரண்டு வாரமாகப் போவதில்லை. உன் அம்மா சொல்வதை நிறுத்திய மாதிரி இவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதைப் பார்த்துதான் எனக்குப் பயம் வந்தது.

இன்று காலை நான் பால் வாங்கக் கிளம்பும்போது ஒட்டிய இன்லண்ட் கடிதம் ஒன்றைக் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னாள். அவளாகவே சொன்னாள்: "அப்பாவ வந்து கூட்டிட்டுப் போவச் சொல்லி எழுதிருக்கேன் மாமா. அவியகிட்ட இன்னும் சொல்லல. சொல்லணும்னுதான் தெனமும் முழிச்சிருக்கேன். சாப்பிட்டதும் படுத்துருதாவ." உன்னிடம் சொல்லாதே என்று அவள் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு தபால் பெட்டிகளைத் தாண்டி நடந்தேன். நாலு நாள் வைத்திருந்துவிட்டு மறந்துபோனேன் என்று சொன்னால் அவள் நம்புவாள், கிழவன்தானே. அதற்குள் உன்னைப் பிடித்துப் பேசிவிடலாம் என்று ஒரு சபலம். ஆனால் ஒருத்தர் எழுதிக் கொடுத்ததை என் கையில் கிடப்பில் போடுகிற வேலையை இன்னொரு தரம் செய்ய எனக்கு மனசு வரவில்லை. மூன்றாவது பெட்டியில் போட்டுவிட்டேன்.

பாளையங்கோட்டை போய்ச் சேர நாலைந்து நாள் ஆகும். உன் மாமனார், மகள் எழுத்தைப் பார்த்தால், டிக்கெட்டுக்குக் காத்திருக்கிற ஆள் இல்லை, நின்றுகொண்டாவது வந்துவிடுவார். ஆக, பத்து நாள் என்று வைத்துக்கொள். மெட்ராஸ் வண்டி காலையில்தான் டெல்லிக்கு வரும். ஏழரை எட்டு மணிக்கு அவர் நம் வீட்டுக் கதவைத் தட்டுவார். அதைத் திறக்க நான் எழுந்து போகப் போவதில்லை. நீ குளித்து, அவளோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தால், வந்த மனிதர் நாலு நாள் இருந்து ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பிப் போவார். உன் அறைக் கதவு சாத்தியிருந்தால், அவளுடைய பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைக்கப் போகிறவன் நான்தான்.

உன் அப்பா